கூழும் கஞ்சியும் கெட்டிச் சூப்பும்: வீட்டில் காய்ச்சுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வீட்டில் கூழ் காய்ச்சுவதாகச் சொன்னால் அக்கம்பக்கத்தாரும் உறவினரும் கேட்கும் கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் என் அடுப்படியில் பலமுறை செய்து பார்த்தவை. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே பிடிவாதம் உண்டு: கெட்டித்தன்மை அந்தந்தத் தானியத்திலிருந்தும் பருப்பிலிருந்தும் கிழங்கிலிருந்தும்தான் வரவேண்டும். கடைசி நிமிடத்தில் கரைத்து ஊற்றும் மக்காச்சோள மாவு வாயில் கொழகொழப்பைத் தரும். ருசியைத் தராது, வயிற்றிலும் நிற்காது.

கூழ், கஞ்சி, களி: மூன்றுக்கும் என்ன வேறுபாடு?

தானியம் குழைந்தும் பருக்கை கண்ணுக்குத் தெரிந்தால் கஞ்சி. மாவு நீரோடு ஒன்றாகிவிட்டால் கூழ். துடுப்பை நட்டால் சாயாமல் நிற்கும் அளவுக்கு இறுகினால் களி. வடித்த சோற்று நீரையும் கஞ்சி என்றே சொல்கிறோம். யாழ்ப்பாணத்தில் கூழ் என்றால் மீன், நண்டு, கிழங்கு, கீரை எல்லாம் சேர்ந்த ஒரு முழுச் சாப்பாடு.

கேழ்வரகுக் கூழ் முதல்முறை செய்கிறேன். அளவு சொல்லுங்கள்.

நான்கு பேருக்கு ஒரு கப் கேழ்வரகு மாவு, கால் கப் பச்சரிசி நொய் போதும். முதல் நாள் மாலையில் மாவை இரண்டு கப் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து மூடி வையுங்கள். வெயில் காலத்தில் எட்டு மணி நேரம், மார்கழிக் குளிரில் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆகலாம். மேலே நுண்ணிய குமிழ்கள் தோன்றி, மூடியைத் திறந்ததும் மெல்லிய புளிப்பு வாடை வந்தால் மாவு தயார்.

மூன்று கப் தண்ணீரைக் கொதிக்க வைத்து நொய்யைப் போட்டு நன்றாகக் குழைய விடுங்கள். தீயைக் குறைத்து, புளித்த மாவை ஒரு கையால் மெல்ல ஊற்றிக்கொண்டே மறுகையால் கிளறுங்கள். நிறம் வெளிர் சாம்பலிலிருந்து ஆழ்ந்த பழுப்புக்கு மாறும், பளபளப்பு ஏறும். பத்துப் பதினைந்து நிமிடம் கை ஓயக்கூடாது.

வெந்துவிட்டதா என்பதை எங்கள் தெரு மாரியம்மன் கோயிலில் ஆடி ஞாயிற்றுக்கிழமைக்காகக் கூழ் காய்ச்சும் பெண்களிடம்தான் கற்றேன். ஆளுயரத் துடுப்போடு அண்டாவுக்கு இருபுறமும் இருவர் நின்று கிண்டுவார்கள். அவர்களில் மூத்தவர் விரல்களைத் தண்ணீரில் நனைத்துக் கூழின் மேற்பரப்பைச் சட்டென்று தொட்டு எடுத்துக் காட்டினார். விரலில் ஒன்றுமே ஒட்டவில்லை. “இப்போது இறக்கலாம், இதற்கு முன்னால் இறக்கினால் பச்சை வாடை போகாது” என்றார். அன்றிலிருந்து நான் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை, விரலைத்தான் நம்புகிறேன். கூழ் சுடும், தெறிக்கும். கையை நனைக்காமல் தொடாதீர்கள்.

இறக்கி ஆறவைத்து இரவு முழுவதும் அப்படியே விடுங்கள். காலையில் இறுகியிருக்கும். தேவையான அளவு எடுத்துக் கையால் கரைத்து, மோரும் உப்பும் பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயமும் சேர்த்தால் கூழ். கரண்டியால் கரைப்பதைவிடக் கையால் பிசைந்து கரைப்பது நல்லது. சிறு கட்டிகூட விரலுக்குத் தெரிந்துவிடும்.

எவ்வளவு கவனமாக ஊற்றினாலும் கட்டி தட்டிவிடுகிறதே?

காய்ந்த மாவைக் கொதிநீரில் தூவினால் ஒவ்வொரு திரளின் மேற்பகுதியும் உடனே வெந்து ஒரு தோல்போல மூடிக்கொள்கிறது. உள்ளே இருக்கும் மாவுக்கு நீர் போய்ச் சேருவதில்லை. கட்டியை உடைத்தால் நடுவில் உலர்ந்த மாவு அப்படியே இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆகவே எந்த மாவானாலும் முதலில் குளிர்ந்த நீரில் முழுமையாக நனையவேண்டும், பிறகே சூடு. கரைசலை வடிகட்டி ஊற்றினால் இன்னும் பாதுகாப்பு. அப்படியும் தட்டிவிட்டால் அடுப்பிலிருந்து இறக்கி மத்தால் கடைந்துவிடுங்கள். மேலும் தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வைப்பதால் கட்டி கரையாது, கூழ்தான் நீர்த்துப்போகும்.

முளைகட்டிய கேழ்வரகு மாவில் செய்தேன். எவ்வளவு காய்ச்சியும் இறுகவே இல்லை. மாவில் கலப்படமா?

இல்லை, மாவு நல்ல மாவுதான். தானியம் முளைவிடும்போது, சேமித்து வைத்த மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக்கும் நொதிகள் அதற்குள் சுரக்கின்றன. காய்ச்சத் தொடங்கும்போது அந்த நொதிகள் கூழின் பிடிமானத்தையே அறுத்துவிடுகின்றன. அதனால்தான் முளைகட்டிய மாவுக் கூழ் நீர்த்து, சற்றே இனிப்பாக இருக்கிறது. குழந்தைகளுக்கான கஞ்சிக்கு இது பெரிய நன்மை: அதிக மாவு சேர்த்தும் விழுங்க எளிதான பதத்தில் இருக்கும். குடித்துப் பசியாறும் கெட்டிக் கூழுக்கு முளைகட்டாத மாவையே வாங்குங்கள்.

கம்பங்கூழ் கசக்கிறது. எங்கே தவறு?

பெரும்பாலும் பழைய மாவுதான் காரணம். கம்பில் கொழுப்பு அதிகம். 100 கிராமுக்கு ஏறத்தாழ 5 கிராம். முழுத் தானியமாக இருக்கும்வரை கெடாது. அரைத்த நொடியிலிருந்து அந்தக் கொழுப்பு சிதையத் தொடங்கும். சில நாட்களில் காறல் வந்துவிடும். கடைப் பொட்டல மாவு எப்போது அரைத்ததோ, யாருக்குத் தெரியும்? கம்பாக வாங்கி, வேண்டியபோது வேண்டிய அளவு மட்டும் உடையுங்கள்.

கம்பைக் கழுவி நீரை வடித்து அரைமணி நேரம் விடுங்கள். மிக்ஸியில் விட்டு விட்டு ஓடவிட்டால் தோல் கழன்று தானியம் உடையும். முறத்தில் புடைத்து உமியை நீக்கிச் சலித்தால் மாவு கீழேயும் குருணை மேலேயுமாகப் பிரியும். குருணையை முதலில் கொதிநீரில் வேகவிட்டு, அது முக்கால் பதம் வந்தபின் கரைத்துப் புளிக்கவைத்த மாவை ஊற்றிக் கிளறுங்கள். குருணை இல்லாத கம்பங்கூழ் வெறும் பசை. பல்லில் அந்தச் சிறு மணி அகப்படுவதில்தான் கம்பின் ருசியே இருக்கிறது. ஆறியதும் உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டுவைத்தால் மறுநாள் மோர் விட்டுக் கரைத்துக்கொள்ளலாம். அந்த உருண்டை ஊறிய நீரையும் சேர்த்தே கரையுங்கள், கொட்டிவிடாதீர்கள்.

மோரையும் புளியையும் ஏன் கடைசியில் சேர்க்கச் சொல்கிறீர்கள்?

புளிப்பு கலந்து நெடுநேரம் கொதித்தால் மாவுச்சத்து உடைந்து கூழ் நீர்த்துவிடும். பருப்பில் இதற்கு நேர்மாறாக நடக்கும்: தக்காளியோ புளியோ முதலிலேயே சேர்ந்தால் பருப்பு வேகாமல் விறைத்து நிற்கும். இரண்டிலும் பாடம் ஒன்றுதான். வேகவேண்டியது வெந்தபின் புளிப்பு.

ஆடிக் கூழ் புளிக்கும் என்று நினைத்திருந்தேன். யாழ்ப்பாணத்துத் தோழி வீட்டில் இனிப்பாகக் கொடுத்தார்களே?

இரண்டும் ஆடிக் கூழ்தான். தமிழ்நாட்டில் ஆடியில் அம்மனுக்கு வார்ப்பது கேழ்வரகிலோ கம்பிலோ காய்ச்சிய புளித்த கூழ். கூடவே முருங்கைக்கீரையோ கருவாட்டுக் குழம்போ இருக்கும். யாழ்ப்பாணத்தில் ஆடி மாதத்தின் முதல் நாளான ஆடிப்பிறப்பன்று அரிசிமா, வறுத்த பயறு, தேங்காய்ப்பால், பனங்கட்டி சேர்த்து இனிப்பாகக் காய்ச்சுகிறார்கள். சிறு துண்டுகளாகக் கீறிய தேங்காய்ச் சொட்டு அதில் மிதக்கும். ஒரே மாதம், ஒரே பெயர், கடலுக்கு இந்தப் பக்கம் புளிப்பு, அந்தப் பக்கம் இனிப்பு. எனக்கு இரண்டும் வேண்டும்.

ஒடியல் கூழை வீட்டில் செய்ய முடியுமா?

தாராளமாக முடியும், செய்தே ஆகவேண்டும். கூழ் வகைகளின் உச்சம் இதுதான் என்பது என் துணிபு. ஒரே சட்டியில் பனையும் கடலும் தோட்டமும் சேர்வது வேறெங்கே கிடைக்கும்?

முதலில் மாவைப் பற்றிய தெளிவு வேண்டும். பனங்கிழங்கை அவிக்காமல் கிழித்துக் காயவைத்தால் ஒடியல்; அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். கூழுக்கு வேண்டியது ஒடியல் மா. புழுக்கொடியல் ஏற்கெனவே வெந்தது, அதன் மா கூழைப் பிடித்து நிறுத்தாது. இலங்கையில் பனம்பொருள் கடைகளிலும், டொரொன்டோ, லண்டன் போன்ற நகரங்களில் ஈழத்தமிழர் நடத்தும் கடைகளிலும் ஒடியல் மா பொட்டலமாகக் கிடைக்கிறது.

ஒடியல் மாவுக்கு ஒரு கசப்பு உண்டு. ஒரு கப் மாவை நிறைய நீரில் கரைத்து வைத்தால் மாவு அடியில் படியும். அரைமணி நேரத்துக்கு ஒருமுறை மேல்நீரை மெதுவாகச் சாய்த்து ஊற்றிவிட்டுப் புதுநீர் விடுங்கள். மூன்று முறையாவது செய்யவேண்டும். இதைச் சுருக்கினால் எவ்வளவு நல்ல நண்டு போட்டாலும் கூழ் கசக்கும்.

பெரிய சட்டியில் இரண்டரை லிட்டர் தண்ணீர் வைத்து, ஒரு பிடி சிவப்பரிசி, தோல் நீக்கிப் பிளந்த பலாக்கொட்டை, தோலும் நடுநாரும் நீக்கிய மரவள்ளிக் கிழங்கு ஆகியவற்றை முதலில் போடுங்கள். இவை பாதி வெந்தபின் விரல் நீளத்துக்கு நறுக்கிய பயற்றங்காய் (காராமணிக்காய்), உடைத்த நண்டு. பிறகு இறால், மீன். மீன் தலை சேர்ந்தால் சாறு இறங்கும். கடைசியில் முருங்கை இலையோ முசுட்டை இலையோ ஒரு பிடி. செத்தல் மிளகாயை (காய்ந்த மிளகாயை) மஞ்சளுடன் மையாக அரைத்து ஊற்றுங்கள். உறைப்பு கண்ணில் நீர் வரவைக்க வேண்டும். மீன் கூழ் என்றாலும் இஞ்சி போடவேண்டாம். மரவள்ளி சேரும் சட்டியில் இஞ்சி சேர்ப்பதில்லை என்பது யாழ்ப்பாணத்து வழக்கம், நானும் அதை மீறுவதில்லை.

எல்லாம் வெந்ததும், படிந்த ஒடியல் மாவைச் சிறிது நீரில் கரைத்துச் சுற்றிலும் ஊற்றிக் கிளறுங்கள். மீன் உடையாமல் அகப்பையை அடியோடு ஒட்டித் தள்ளவேண்டும். பத்து நிமிடத்தில் சாறு திரண்டு, கொதி பெரிய பெரிய குமிழாக ‘பொளக்’ என்று வெடிக்கும். அப்போது புளிக்கரைசல் ஊற்றி, உப்புப் பார்த்து, ஒரு கொதியில் இறக்குங்கள்.

பனையோலையை மடித்துச் செய்யும் பிளாவில் ஊற்றிக் குடிப்பது முறை. ஓலை கிடைக்காவிட்டால் சுத்தம் செய்த தேங்காய்ச் சிரட்டை போதும். உலோகக் கிண்ணம் மட்டும் வேண்டாம், உதடு சுட்டுவிடும். ஆறிய ஒடியல் கூழில் பாதி இன்பம் போய்விடும், எனவே சுடச்சுடக் குடியுங்கள், வியர்க்கட்டும். மீனும் நண்டும் சேர்க்காதவர்கள் வாழைக்காயும் பூசணியும் கீரையும் கூட்டிச் செய்யலாம். அதுவும் நல்ல கூழ்தான்.

நோன்புக் கஞ்சியில் பள்ளிவாசல் ருசி வீட்டில் வரவில்லை.

பெரிய அண்டாவும் நெடுநேரக் கொதியும் வீட்டில் கிடைக்காது. ஆனால் மூன்று இடங்களில் கவனித்தால் நெருங்கிவிடலாம்.

ஒரு கப் பச்சரிசி நொய், கால் கப் பாசிப்பருப்பு, ஒரு தேக்கரண்டி வெந்தயம், பத்துப் பல் பூண்டு, எட்டு கப் தண்ணீர். வெந்தயத்தைக் குறைக்காதீர்கள். வேகும்போது அது விடும் வழுவழுப்புதான் நொய்யையும் நீரையும் பிரியாமல் சேர்த்துப் பிடிக்கிறது. பகல் முழுதும் காய்ந்த வயிற்றுக்கும் இதமானது. இரண்டாவது, பட்டை, கிராம்பு, ஏலக்காயோடு வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது, தக்காளி, புதினா, மல்லித்தழை ஆகியவற்றைத் தனியே எண்ணெயில் நன்றாக வதக்கி, கொத்துக்கறி சேர்ப்பவர்கள் அதையும் அதிலேயே சுருள வேகவைத்து, பிறகு வெந்த நொய்யில் கொட்டவேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாகக் குக்கரில் போட்டால் மணம் அமுங்கிவிடும். மூன்றாவது, கெட்டித் தேங்காய்ப்பால் ஒரு கப், இறக்கும் தறுவாயில். ஊற்றியபின் தளதளவென்று கொதிக்க விட்டால் பால் திரிந்து எண்ணெய் மேலே மிதக்கும்.

இறக்கியதும் கொஞ்சம் நீர்க்க இருந்தால் பதறவேண்டாம். அரைமணி நேரத்தில் இறுகிவிடும். அடுப்பிலேயே சரியான பதம் பார்த்தவர்கள் நோன்பு திறக்கும் நேரத்தில் பொங்கலைத்தான் பரிமாறவேண்டியிருக்கும். கூட ஒரு வடை, கொஞ்சம் புதினாத் துவையல்.

காய்கறிச் சூப் மக்காச்சோள மாவு இல்லாமல் கெட்டியாகுமா?

ஆகும். இதற்காகத்தான் முன்னுரையிலேயே பிடிவாதம் என்று எழுதினேன். கெட்டியாக்கும் பொருள்கள் ஏற்கெனவே நம் அடுப்படியில் இருக்கின்றன: ஒரு பிடி பாசிப்பருப்பு, அரிசி களைந்த இரண்டாம் கழுநீர், வடிகஞ்சி, ஒரு கரண்டி நொய், கரைத்த கேழ்வரகு மாவு. எல்லாவற்றுக்கும் மேலாக அந்தக் காயே.

நான் வாரம் ஒருமுறை செய்வது பரங்கிக்காய்ச் சூப். கொங்குப் பக்கத்தில் அரசாணிக்காய் என்பார்கள். கால் கிலோ பரங்கித் துண்டுகள், ஒரு கேரட், ஆறு சின்ன வெங்காயம், நான்கு பல் பூண்டு, ஒரு பிடி பாசிப்பருப்பு, மஞ்சள்தூள். நான்கு கப் கழுநீரில் எல்லாம் குழையும்வரை வேகவிடுங்கள். பாதியைக் கீரை கடையும் மத்தால் கடைந்து, மீதியைத் துண்டாகவே விட்டுவிடுங்கள். மிளகும் சீரகமும் ஒன்றிரண்டாகப் பொடித்துச் சேர்த்து, உப்பிட்டு, நெய்யில் கறிவேப்பிலை தாளித்துக் கொட்டுங்கள். கரண்டியில் எடுத்தால் நூலாக ஒழுகாமல் தொப்பென்று விழவேண்டும்.

மிக்ஸியில் அடிக்கலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். பரங்கியையும் கேரட்டையும் அடிக்கலாம். உருளைக்கிழங்கை மட்டும் அடிக்காதீர்கள், பசைபோல இழுபடும். அதை மத்தால் மசிப்பதே சரி. கொள்ளுச் சூப்புக்கு இரவே ஊறவைத்த கொள்ளை வேகவைத்துப் பாதியை அரைத்து அதே நீரில் கரைத்தால் வேறெதுவும் வேண்டாம். கொல்லிமலையில் விற்கும் முடவாட்டுக்கால் கிழங்கைப் பற்றியும் கேட்கிறார்கள். அந்தக் கிழங்கு சாறுதான் இறக்கும், கெட்டியாக்காது. மேலிருக்கும் ரோமத்தோலைச் சீவித் துண்டாக்கி இடித்துக் கொதிக்கவைத்து, கெட்டி வேண்டுமானால் பருப்பு நீரோடு சேருங்கள்.

குக்கரில் செய்யலாமா? மண்பானைதான் வேண்டுமா?

நொய், பருப்பு, கொள்ளு ஆகியவற்றை வேகவைக்கக் குக்கர் நல்ல துணை. மாவு சேர்ந்தபின் மூடி போட்டு அழுத்தம் கொடுக்காதீர்கள். அடி பிடிப்பதோடு ஆவி வெளியேறும் துளையும் அடைத்துக்கொள்ளும். காய்ச்சுவதற்கு அடி கனத்த எந்தப் பாத்திரமும் சரி. புளிக்கவைக்கவும் ஆறவைக்கவும் மண்பானை சிறந்தது, குளுமையாக இருக்கும். புதுப்பானையை ஒரு நாள் நீரில் ஊறவிட்டு, பிறகு கழுநீர் ஊற்றிக் கொதிக்கவைத்துப் பழக்குங்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் கூழை எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாமா?

கூடாது. 2023ஆம் ஆண்டை ஐ.நா. சபை சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்ததிலிருந்து சிறுதானியம் என்றாலே மருந்து என்று பேசுவது பெருகிவிட்டது. கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்து உண்மையிலேயே அபாரம், 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல். அதே 100 கிராமில் மாவுச்சத்தும் ஏறத்தாழ 70 கிராம் இருக்கிறது. நைசாக அரைத்துக் குழையக் காய்ச்சிய கூழ் விரைவில் செரித்து இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். குருணை மிகுந்த கூழாக, சிறு கிண்ண அளவில், சுண்டலோ கீரையோ முட்டையோ உடன்வைத்துச் சாப்பிட்டு, சர்க்கரை அளவுமானியில் பார்த்து, மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். இனிப்புக் கூழ் அவர்களுக்கு வேண்டாம்.

தொட்டுக்கொள்ள?

மோர்மிளகாய், கொத்தவரங்காய் வற்றல், சுண்டவற்றல், உப்புமிளகாய் தடவிய கிளிமூக்கு மாங்காய், பச்சை வெங்காயம். கருவாடு சாப்பிடுபவர்களுக்கு நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு. கூழ் சாதுவானது, அதனால் தொடுகறி துடுக்காக இருக்கவேண்டும்.

மீந்ததை எத்தனை நாள் வைத்துக்கொள்ளலாம்?

மோர் கலக்காத கேழ்வரகு, கம்புக் கூழை நீர் ஊற்றி மூடிவைத்தால் மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும். வெயில் கடுமையானால் ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு நாளுக்குள் முடியுங்கள். நுரைத்து நாற்றம் வந்தாலோ நூல் நூலாக இழுபட்டாலோ கொட்டிவிடுங்கள். அது நல்ல புளிப்பு இல்லை. தேங்காய்ப்பால் சேர்த்த நோன்புக் கஞ்சியும் மீன் சேர்ந்த ஒடியல் கூழும் அன்றன்றைக்கே தீரவேண்டியவை. அவற்றைக் கொஞ்சம் கூடுதலாகக் காய்ச்சிவிட்டால் நான் பானையை மூடிவைப்பதில்லை. சூடு ஆறும் முன் தூக்குவாளியில் ஊற்றி அடுத்த வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன்; காலையில் வாளி திரும்பி வரும்போது அதில் அவர்கள் வீட்டு வற்றலோ ஊறுகாயோ இருக்கும்.